தொழில்முறை வீரரை அமெச்சூர் அணியில் பதிவு செய்தவர்கள் யாராவது உண்டா?

வணக்கம். வியாசர்பாடியில் ஒரு சிறிய அமெச்சூர் கால்பந்து அணியைக் கவனித்துக்கொள்கிறேன். எங்கள் இடது பின்கள வீரர் முழங்கால் வீங்கி உட்கார்ந்துவிட்டார். பதிலுக்கு நிறுத்திப் பார்த்த வலக்கால்காரர், பந்து வந்ததும் உள்பக்கமே திரும்புகிறார். ஓரம் முழுக்கத் திறந்து கிடக்கிறது.

இந்த நேரத்தில், எங்கள் தெருவில் வளர்ந்த பையன் வெளிமாநில கிளப்பில் தொழில்முறை ஒப்பந்தம் முடிந்து திரும்பியிருக்கிறான். சம்பளம் வேண்டாம், பஸ் செலவும் பூட்ஸும் போதும் என்கிறான்.

‘காசு வாங்கி ஆடியவன் மறுபடி அமெச்சூர் ஆக முடியாது’ என்று எங்கள் பொருளாளர் மூன்று நாளாக டீக்கடையில் வாதாடுகிறார். அது தவறு. கடைசித் தொழில்முறை ஆட்டத்துக்குப் பின் 30 நாள் கழிந்தால் மறுபதிவு செய்யலாம் என்கிறது ஃபிஃபா விதி. அதற்கு இழப்பீடும் கிடையாது. 30 மாதத்துக்குள் அவன் மீண்டும் தொழில்முறைக்குப் போனால்தான் அவனைச் சேர்க்கும் புதிய கிளப், அவனைப் பயிற்றுவித்த கிளப்களுக்குப் பயிற்சி இழப்பீடு தர வேண்டியிருக்கும்.

விதி புரிகிறது, நடைமுறைதான் இடிக்கிறது. பழைய கிளப் எங்கள் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. ஒப்பந்தம் முடிந்த பிறகும் அவர்களின் தடையில்லாச் சான்று தேவையா? அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் இணையவழி வீரர் பதிவில் இதைச் செய்து முடித்தவர்கள், என்னென்ன தாள்கள் கேட்டார்கள் என்று சொல்லுங்கள்.