கேம்ப் போன ஊருக்கு அப்புறம் எப்பயாவது போனீங்களா? உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்), ராவே (அக்ரி படிக்கிறவங்களுக்கான கிராமப்புறப் பயிற்சி), இப்படி ஏதோ ஒரு பேர்ல காலேஜ்லருந்து ஒரு கிராமத்துல போய்த் தங்கி வேலை செஞ்சவங்க இங்க நிறைய பேர் இருப்பீங்க. ரொம்ப நாளா ஒரு விஷயம் மனசுல கிடக்கு, நானே ஆரம்பிச்சு வைக்கிறேன்.

நான் பி.காம் செகண்ட் இயர் படிக்கும்போது சிவகங்கை மாவட்டத்துல ஒரு ஊர்ல ஏழு நாள் கேம்ப். அம்பது பேரு, ஸ்கூல்ல ரெண்டு கிளாஸ் ரூம்ல படுக்கை, சமையல் நாங்களே. என்.எஸ்.எஸ்.ல வருஷத்துக்கு 120 மணி நேரம், ரெண்டு வருஷத்துக்கு 240, அதோட ஒரு ஸ்பெஷல் கேம்ப், அதனால எங்க எல்லாருக்கும் மண்டைல ஓடுனது நோட்டுல மணிக்கணக்கு எழுதுறதுதான். ஊரணி முழுக்க சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்துச்சு, அதை வெட்டிச் சுத்தம் பண்ணணும்னு பிளான். முதல் மூணு நாள் முள்ளு குத்தி கையெல்லாம் ரத்தம், ஆனா வேலை வேகமா போச்சு, போட்டோல பாத்தா ஊரணி பளிச்சுன்னு இருக்கும்.

நாலாவது நாள் காலைல ஆடு பத்திக்கிட்டு வந்த ஒரு ஐயா கரையில நின்னு ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தாரு. அப்புறம் கிட்ட வந்து, "தம்பி, வாயக் கழுவி விட்டுட்டு தொண்டைய அடைச்சு வச்சா தண்ணி எப்பிடி உள்ள போகும்?"னு கேட்டாரு. எங்களுக்குப் புரியல. வாங்கன்னு கூட்டிட்டுப் போய்க் காமிச்சாரு. கண்மாய்லருந்து ஊரணிக்கு வர்ற வரத்துக்கால் மண்ணு மூடி, மேல கருவேலம் வளந்து, கால்வாய் இருந்த தடமே தெரியல. இன்னொண்ணும் சொன்னாரு, கருவேலத்தை மேலாக்க வெட்டுனா அடுத்த மழைக்கு அதே கட்டையில தழைச்சிரும், வேரோட பறிக்கணும்னு. நாங்க மூணு நாளா வெட்டுனது எல்லாமே மேலாக்கதான். கேம்ப்க்கு முன்னாடி சர்வே பண்ணப் போனப்ப பிரசிடெண்ட் வீட்டுல உக்காந்து காபி குடிச்சுட்டு வந்தோமே தவிர, ஆடு மேய்க்கிறவங்க யாரையும் நாங்க கேக்கல. ஊர்த் தண்ணி எந்த வழியா ஓடும்னு அவங்களுக்குத்தான தெரியும்.

மிச்ச நாள் மம்பட்டி கடப்பாரையோட வரத்துக்கால்லதான் கிடந்தோம். முடியல. பாதி தூரம்தான் ஆச்சு, கடைசி நாள் கலை நிகழ்ச்சி, சர்டிபிகேட், பஸ் வந்துருச்சு. பஸ் ஏறும்போது அந்த ஐயா கேட்டது, "மிச்சத்துக்கு எப்ப வருவீங்க?" எல்லாரும் சிரிச்சுக்கிட்டே வர்றோம்யான்னு சொன்னோம்.

*

நான் பி.காம் இல்ல, அக்ரி படிச்சேன், எங்களுக்கு ராவே. ஒரு செமஸ்டர் பூரா விவசாயிங்க கூடவே இருக்கணும். செயல்விளக்கம் நிறைய பண்ணுவோம், அதுல முட்டை வச்சு விதைநெல் தேர்வு பண்றது எனக்குப் பிடிக்கும். தண்ணில முட்டையப் போட்டா முங்கிரும், உப்பைக் கொஞ்சம் கொஞ்சமா போட்டுக் கலக்குனா மேல வந்து ஒரு காசு அளவுக்கு வெளிய தெரியும், அப்ப நெல்லைக் கொட்டுனா பதர் மிதக்கும், தரமான விதை அடியில நிக்கும், அதை ரெண்டு மூணு தடவை நல்ல தண்ணில அலசிரணும். எல்லாரும் கை தட்டுனாங்க. ஒரு அக்கா மட்டும், "இந்த உப்புத்தண்ணிய எங்க பாப்பா ஊத்துறது? வயல்ல ஊத்துனா மண்ணு கெட்டுப் போகும், தொட்டி பக்கம் ஊத்துனா மாடு நக்கும்"னு கேட்டாங்க. எங்க நோட்ஸ்ல அது இல்ல.

ஆனா நான் சொல்ல வந்தது மேப் பத்தி. பி.ஆர்.ஏ.ன்னு ஊர் மக்களையே வச்சு தரையில கோலப்பொடியில ஊரை வரைய வைப்போம். கோயில் வாசல்ல போட்டோம், பெரியவங்க எல்லாம் வந்து ஏரி, வாய்க்கால், ரேஷன் கடை, யார் யார் நிலம்னு ஒரு மணி நேரத்துல அழகா போட்டுட்டாங்க. போட்டோ எடுத்து முடிச்சு கிளம்பும்போது, குடத்தோட தூரமா நின்ன ஒரு அம்மா என் ஃப்ரெண்டைக் கூப்பிட்டு, "எங்க தெருவப் போடலையா பாப்பா?"ன்னு மெதுவா கேட்டாங்க. அப்பதான் பாத்தோம், காலனிப் பக்கம் ஒரு கோடு கூட போகல. கோயில் வாசல்ல வச்சா அவங்க வந்து உக்காரவே மாட்டாங்கன்னு எங்களுக்குத் தோணவே இல்ல, அது இன்னிக்கும் எனக்கு வலிக்குது. மறுநாள் காலனி அங்கன்வாடி முன்னாடி மறுபடி போட்டோம். அந்த மேப்ல தெரு முழுசுக்கும் ரெண்டே குழாய், அதுலயும் ஒண்ணுல தண்ணி வராதுங்கிறது தெரிஞ்சது. ஒரே ஊரு, ரெண்டு மேப். ரிப்போர்ட்ல ரெண்டையும் வச்சோம்.

*

நான் மறுபக்கத்துலருந்து பேசுறேன். எங்க ஊருக்கு வருஷா வருஷம் ஏதாவது காலேஜ் வரும். வர்ற பிள்ளைங்க மேல எனக்கு பாசம்தான், நான் காலேஜ் போகணும்னு ஆசைப்பட்டதே எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து பேசுன ஒரு அக்காவாலதான். ஆனா மூணு காலேஜ் வந்து அதே சர்வே எடுத்தாங்க. வீட்டுல எத்தன பேரு, கக்கூஸ் இருக்கா, வருமானம் என்ன. எங்கம்மா மூணு தடவையும் பொறுமையா பதில் சொன்னாங்க, அந்தத் தாள் எங்க போச்சு, அதுல என்ன தெரிஞ்சதுன்னு ஒருத்தரும் திரும்ப வந்து சொல்லல. அப்புறம் மரக்கன்னு. உங்க செமஸ்டருக்குத் தோதா பிப்ரவரி, மார்ச்ல நட்டுட்டுப் போவீங்க, ஏப்ரல் வெயில்ல யாரு தண்ணி ஊத்துவா? எங்களுக்கே குடிக்கத் தண்ணி லாரி வரணும். புரட்டாசி ஐப்பசில வந்து ஏரிக்கரையில பனங்கொட்டை போட்டுட்டுப் போங்க, மழையில அதுவா வேர் விட்டுக்கும். "தத்தெடுத்த கிராமம்"னு ஊர் எல்லையில போர்டு வைக்கிறதும் வேண்டாமே, நாங்க ஒண்ணும் அநாதைங்க இல்ல. கூட வேலை செய்ய வாங்க, அது போதும்.

*

மேல சொன்ன தங்கச்சிக்கு நன்றி, படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுதத் தோணல. முதல்ல ஊரணி பத்தி எழுதுனது நான்தான், என் கதையில மிச்சம் இருக்கு. என்.எஸ்.எஸ். புரோகிராம் ஆபீசர் சார்கிட்ட போய், அடுத்த கேம்ப்பும் அதே ஊர்லயே போடலாம் சார், புது ஊரு வேண்டாம்னு கேட்டோம். அவரு பிரின்சிபால்கிட்ட பேசி ஓகே வாங்குனாரு. நாங்க தேர்ட் இயர், கேம்ப்ல பேர் கிடையாது, சர்டிபிகேட்டும் கிடையாது, இருந்தாலும் பதினோரு பேரு ஜூனியர்ஸ் கூட ஒட்டிக்கிட்டுப் போனோம். இந்தத் தடவை முதல் நாள் வேலையே அந்த ஐயாவை முன்னாடி நடக்க விட்டுப் பின்னாடி போனதுதான். எங்க தோண்டணும்னு கம்பால கோடு கிழிச்சுக்கிட்டே போனாரு, ஊர் ஆளுங்களும் மம்பட்டியோட இறங்குனாங்க, போன வருஷம் வேடிக்கை பாத்தவங்க அவங்க. தழைச்சு நின்ன கட்டைங்களை வேரோட பறிச்சோம்.

கார்த்திகை மாசம் ஒருநாள் ராத்திரி எனக்கு போன். அந்த ஐயாதான், பேரன் போன்லருந்து பேசுறாரு. பின்னாடி மழைச் சத்தம், அவரு குரலே சரியா கேக்கல. "படிக்கட்டுல மூணாவது படி முங்கிருச்சுப்பா"ன்னு மட்டும் ரெண்டு தடவை சொன்னாரு.