புதுப்பிப்பு: சர்க்கரையோடு பிரஷர் 150/90, வீட்டு அளவுகள் வந்தாச்சு

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில் இருக்கும், சர்க்கரை நோயுள்ள ஓர் அம்மாவுக்குக் கிளினிக்கில் ஒரே தடவை 150/90 காட்டியது. ஒரு வாரம் காலை, மாலை வீட்டில் இரண்டிரண்டு முறை அளக்கச் சொல்லியிருந்தேன். முதல் நாளைக் கழித்துச் சராசரி 142/88. வீட்டில் 135/85-ஐத் தொட்டாலே பிரஷர்தான்.

இனி விட்டுவிடக்கூடாதது, நிற்கவைத்து அளப்பது. எழுந்த 1, 3 நிமிடங்களில் மேல் எண் 20 இறங்கினால், சர்க்கரை நரம்பைத் தொட்டிருக்கலாம். அது தெரியாமல் மாத்திரையைக் கூட்டினால் குளியலறையில் தலைசுற்றி விழுவார்கள், பாவம்.

சிறுநீரில் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம் (சிறுநீரகத்திலிருந்து புரதம் கசிகிறதா என்று காட்டுவது) 30 mg/g-க்கு மேல் என்றால் டாக்டர்கள் பெரும்பாலும் டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரையைத்தான் முதலில் தருவார்கள். தொடங்கிய இரண்டு வாரத்தில் கிரியாட்டினின், பொட்டாசியம் இரண்டும் பார்த்தே ஆகணும்.

பப்படம், உப்புமாங்காய், உணக்கமீன் (கருவாடு) குறையட்டும். 'லோ சோடியம்' உப்பு மட்டும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். அதில் பொட்டாசியம் இருக்கிறது, இந்த மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தத்தில் ஏறிவிடும்.