வீல் அலைன்மென்ட்: ‘சீரமைப்பு’ போதுமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

மோட்டார் வாகனப் பயிற்சி மாணவர்களுக்கான கையேடு நாளை மறுநாள் அச்சுக்குப் போகிறது. எல்லாம் முடிந்து ‘வீல் அலைன்மென்ட்’ என்ற ஒரே இடத்தில் நின்றுவிட்டேன். ‘சக்கரச் சீரமைப்பு’ என்று எழுதி வகுப்பில் படித்துக் காட்டினேன். நெளிந்த சக்கரத்தைத் தட்டி நிமிர்த்துவதா என்று ஒரு மாணவர் கேட்டார். அவர்மேல் பிழையில்லை. சாலைச் சீரமைப்பு, நிர்வாகச் சீரமைப்பு என்று கேட்டுப் பழகிய காதில் அந்தச் சொல் பழுதுபார்ப்பதாகத்தான் விழும். சக்கரத்தில் ஒரு பழுதும் இருக்காது, காற்றும் அளவாக இருக்கும். ஆனாலும் அது நிற்கும் கோணம் பிசகினால் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும். அந்தப் பொருள் வர வேண்டும். டோ, கேம்பர், காஸ்டர் என்ற அதன் மூன்று கோணங்களுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

— பயிற்சி ஆசிரியர்

*

ஐயா, சிக்கல் ‘சீர்’ என்பதில் இல்லை, சொல்லின் ஈற்றில் இருக்கிறது. பிரிதல் பிரிவு, பிரித்தல் பிரிப்பு; இணைதல் இணைவு, இணைத்தல் இணைப்பு. அதே வழியில் அமைதல் அமைவு, அமைத்தல் அமைப்பு. ஆங்கிலத்தில் நிலைக்கும் செயலுக்கும் ஒரே சொல்தான். நமக்குத் தன்வினையும் பிறவினையும் தனித்தனியே இருக்கும்போது ஏன் குழப்பிக்கொள்ள வேண்டும்? சக்கரம் சரியான கோணத்தில் நிற்பது ‘சீரமைவு’. பிசகியதை மீண்டும் அங்கே கொண்டுவருவது ‘சீரமைப்பு’. ‘சீரமைவு கெட்டிருந்தது, சீரமைத்தேன்’ என்று மாணவர் எழுதினால் இரண்டும் விளங்கிவிடும்.

— இலக்கணம் கற்பிப்பவர்

*

சீரமைவை ஏற்கலாம். ஆனால் ‘சக்கரம்’ வடசொல் என்பதை யாரும் கவனிக்கவில்லையே! உருளி, ஆழி, திகிரி, நேமி என்று எத்தனை சொற்கள் இருக்கின்றன? பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகரின் வண்டியைச் சொல்லும் இடத்தைப் பாருங்கள். ‘திருந்துநிலை ஆரத்து’ என்கிறார் புலவர். ஆரக்கால்கள் பிசகாமல் செம்மையாக நிற்கும் நிலை அது. வண்டிச் சக்கரத்தையே பார்த்துச் சொன்ன சொல் கையில் இருக்கும்போது புதிதாக எதற்கு ஆக்க வேண்டும்? ‘உருளித் திருந்துநிலை’ என்பது என் பரிந்துரை. வினைத்தொகை என்பதால் முக்காலத்துக்கும் பொருந்தும்.

— தனித்தமிழ் அன்பர்

*

எல்லோரும் மன்னிக்க வேண்டும். நான் இருபது ஆண்டுகளாகச் சக்கரங்களோடு வேலை செய்கிறவன். உருளி என்றால் என் வீட்டில் சமையல் பாத்திரம். திருந்துநிலை என்றால் குற்றவாளி திருந்தியதாக நினைப்பார்கள். சொல் அழகாக இருந்து பணிமனையில் விளங்காவிட்டால் மாணவனுக்கு என்ன பயன்?

அலைன்மென்டுக்கு எந்தச் சொல்லையும் வையுங்கள். டோவையும் கேம்பரையும் மட்டும் ஒன்றாக்கிவிடாதீர்கள், அது பெரிய தவறு. தேய்ந்த டயரின் குறுக்கே உள்ளங்கையை வைத்து இழுத்துப் பாருங்கள். டோ பிசகியிருந்தால் ஒரு பக்கம் இழுக்கும்போது வழவழவென்று போகும். திருப்பி இழுத்தால் மீன் செதிலை எதிர்த்துத் தடவியதுபோல் டயரின் ஒவ்வொரு ரப்பர்க் கட்டையின் விளிம்பும் கையைப் பிடிக்கும். கேம்பர் பிசகினால் அந்தச் செதில் இருக்காது. ஓர் ஓரம் மட்டும் மழுங்கி வழுக்கையாகும். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. அவற்றுக்கும் கோணத்துக்கும் தொடர்பில்லை. மாணவன் கண்ணாலும் கையாலும் பிரித்தறிவதைச் சொல்லும் பிரித்துக் காட்ட வேண்டும்.

— பணிமனையில் இருப்பவர்

*

மிக நல்ல விளக்கம். அதையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

மேலிருந்து பார்க்கும்போது இரு சக்கரங்களின் முன்விளிம்புகளுக்கு இடையிலான தூரம், பின்விளிம்புகளின் தூரத்தைவிடக் குறைந்திருந்தால் டோ-இன், கூடியிருந்தால் டோ-அவுட். இவற்றை ‘முன்குவிவு’, ‘முன்விரிவு’ எனலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் குவிவு என்றதும் இயற்பியல் மாணவர் குவிலென்சை நினைத்து, புடைத்திருப்பதாகக் கொள்வார். ‘உள்நோக்கு’ பொருத்தமானதுதான், உள்நோக்கம் என்ற வசைச்சொல் குறுக்கே நிற்கிறது. ஆகவே முன்னொடுக்கம், முன்விரிவு.

முன்னாலிருந்து பார்க்கும்போது தெரியும் சாய்வு கேம்பர். சக்கரத்தின் மேல்விளிம்பு உள்ளே சாய்ந்தால் அகச்சாய்வு, வெளியே சாய்ந்தால் புறச்சாய்வு. எந்த விளிம்பை வைத்துச் சொல்கிறோம் என்பதைக் கையேட்டில் ஒரு வரி எழுதிவிடுங்கள். மேல்விளிம்பு உள்ளே போனால் கீழ்விளிம்பு வெளியே நிற்குமல்லவா?

‘தேய்மானம்’ என்று எழுத வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். கணக்கியலில் சொத்தின் மதிப்புக் குறைவதற்கு அதை எடுத்துக்கொண்டார்கள். ‘தேய்வு’ போதும். பாகை, கலை, விகலை என்ற கோண அளவுகளையும் அப்படியே ஆளலாம். பஞ்சாங்கத்தில் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

— அறிவியல் மொழிபெயர்ப்பாளர்

*

ஒரு குறளை நினைவுபடுத்தாமல் இருக்க முடியவில்லை.

‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல் அமைந்தொருபால்
கோடாமை சான்றோர்க் கணி.’

சீர், அமைதல் இரண்டும் இதிலேயே இருக்கின்றன. கையை எடுத்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது என்று சொல்கிறோமே, அதுதான் ஒருபால் கோடுதல். அப்படியானால் அலைன்மென்டை ‘கோடாமை’ என்றே சொல்லிவிடலாமே! ‘சமன்’ என்பதை வீல் பேலன்சிங்குக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் நிறையப் பேர். எடை சமமில்லாவிட்டால் சக்கரம் அதிரும். அது வேறு, இது வேறு.

— இலக்கணம் கற்பிப்பவர்

*

கோடாமை எதிர்மறைப் பெயர். ‘கோடாமை கெட்டது’ என்று எழுதினால் இரண்டு எதிர்மறை சேர்ந்து மாணவன் திணறுவான். அதோடு, காஸ்டர் இரு பக்கமும் வேறுபட்டாலும் வண்டி இழுக்கும், ஆனால் டயர் அவ்வளவாகத் தேயாது. இழுப்பதை மட்டும் வைத்துப் பெயரிட்டால் தேய்வு விட்டுப்போகும்.

பக்கவாட்டிலிருந்து பார்த்தால், சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ அதன் சாய்வுதான் காஸ்டர். அதற்கு யாரும் சொல் தரவில்லை. சைக்கிளின் முன்கவை சரிந்து நிற்பதைப் பக்கவாட்டில் நின்று காட்டித்தான் நான் விளக்குகிறேன்.

— பணிமனையில் இருப்பவர்

*

‘கவைச்சாய்வு’ என்றால் காரில் கவை எங்கே என்று கேட்பார்கள். ‘அச்சுச் சாய்வு’ என்றால் சக்கரத்தின் அச்சு என்று எண்ணிவிடுவார்கள்.

நேரம் முடிந்துவிட்டது, அன்பர்களே. கையேட்டில் இப்படிப் போகிறது: சக்கரச் சீரமைவு, முன்னொடுக்கம், முன்விரிவு, அகச்சாய்வு, புறச்சாய்வு, சக்கரச் சமனாக்கம், ஒருபக்கத் தேய்வு. காஸ்டர் கோணம் அப்படியே இருக்கிறது. பந்துமூட்டும் (பால் ஜாயின்ட்) இணைப்புத் தண்டின் முனையும் (டை ராட் எண்ட்) தளர்ந்திருந்தால் முதலில் அவற்றை மாற்று, பிறகு கோணத்தைத் தொடு என்ற வரியைப் பணிமனை நண்பருக்காகத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். அனைவருக்கும் நன்றி.

— பயிற்சி ஆசிரியர்

*

‘திருந்துநிலை’யை அடைப்புக்குறிக்குள்ளாவது ஒருமுறை போட்டிருக்கலாம். மறுபதிப்பு வரும்போது மீண்டும் கேட்பேன்.

— தனித்தமிழ் அன்பர்