35 ஸ்கொயர் (சதுர மி.மீ.) கேபிளை எம்சிபியில (லோடு மீறினா தானா டிரிப் ஆகற சுவிட்ச்) எப்படிக் கொடுக்கறது?

வணக்கம் அண்ணா. பாலக்கோடு பக்கம் எங்க தக்காளித் தோட்டம். மீட்டர் ரூமிலிருந்து போர்வெல் 400 மீட்டர். வோல்டேஜ் இறங்கி 7.5 எச்பி மோட்டார் திணறுதுன்னு 35 ஸ்கொயர் அலுமினியக் கேபிள் இழுத்துட்டோம். எம்சிபி டெர்மினல் 25 ஸ்கொயர் வரைக்கும்தான், உள்ள நுழையல.

வயர்மேன் ரெண்டு இழையை வெட்டிட்டுச் சொருகலாம்னாரு. நான் ஒத்துக்கல. வெட்டின இடம் சூடாகும். அலுமினியம் வேற, ஸ்க்ரூவுக்கு அடியில நசுங்கி நாளாக நாளாக லூசாகும். போன வருசம் பழைய பாக்ஸ் அப்படித்தான் கருகிச்சு, அப்பா அப்ப பக்கத்துலயே நின்னுட்டிருந்தாரு.

பைமெட்டல் லக் (ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் காப்பர் இருக்கற கேபிள் முனை) அடிச்சு டெர்மினல் பிளாக்ல போல்ட் போட்டு, அங்கிருந்து 6 ஸ்கொயர் காப்பர் ஒரு முழம் எம்சிபிக்குக் கொடுக்கலாமா? இல்ல முனை ஒல்லியா குச்சி மாதிரி இருக்கற பின் லக்கே போதுமா? எம்சிபி 20 ஆம்ப்ஸ். தர்மபுரி பக்கம் லக்கைக் கேபிள்ல அழுத்தி இறுக்கற ஹைட்ராலிக் கிரிம்பிங் டூல் வச்சிருக்கறவங்க இருந்தா சொல்லுங்கண்ணா, செடி வாடுது.