கூரை பறக்காத வீட்டை எப்படிக் கட்டுவது?

கேள்வி (பாறசாலை):
2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயலில் எங்கள் ஓட்டுக்கூரை பறந்தது. அதன்பின் போட்ட தகரமும் இப்போது காற்றடித்தால் ஆணியோடு எழும்புகிறது. ஹையான் புயலுக்குப் பின் பிலிப்பைன்சில் வீடுகளை எப்படி மீட்டார்கள் என்று அறிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

மறுமொழி (கொல்லங்கோடு):
ஐயா, 2013 நவம்பர் 8 அன்று கரையைக் கடந்த அப்புயலில் ஆறாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தனர். சுமார் 11 லட்சம் வீடுகள் சேதமடைந்தன. முதலில் தார்ப்பாயும், பின்னர் தகரமும் கருவிகளும் பணமும் வழங்கினார்கள். சாய்ந்து கிடந்த தென்னைகளையே அறுத்துச் சட்டமாக்கி வீடு கட்டினார்கள் என்பதை, தென்னையோடு வாழும் நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

மறுமொழி (களியக்காவிளை):
நான் தச்சு வேலை செய்பவன். தென்னந்தடியில் வெளிப்புற வைரம், அதாவது கெட்டியான பகுதி மட்டுமே கழுக்கோலுக்கு (கூரையைத் தாங்கும் சாய்வுச் சட்டத்துக்கு) உதவும். நடுவிலுள்ள மென்மையான சோறு சீக்கிரம் உளுத்துவிடும். புயற்காற்று கூரையை மேல்நோக்கி உறிஞ்சுவதால், கழுக்கோலை உத்திரத்தோடும், உத்திரத்தைச் சுவரோடும், சுவரை அஸ்திவாரத்தோடும் இரும்புப் பட்டையால் பிணைக்க வேண்டும். நாற்புறமும் சரிந்த கூரை நல்லது. தகரத்தின் ஓரங்களில் ஆணிக்குப் பதிலாகக் கொக்கி போல்ட்டுகளை நெருக்கமாக முடுக்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. எங்கள் சுவரில் பட்டை புதைக்க இடமில்லை; நாளையே கொத்தனாரை அழைத்துக் காட்டுகிறேன்.