எல்லாக் காலப் பாட்டும் ஒரே எஃப்.எம்மில்: வர்த்தக வானொலிக்குச் சரிவருமா?

மத்தியஅலை:
"தமிழ் எஃப்.எம்களில் கேட்ட பாட்டையே திரும்பத் திரும்பப் போடுகிறார்கள், பழைய இலங்கை வானொலி மாதிரி எல்லாக் காலத்துப் பாட்டையும் கலந்து போட்டால் சனம் குவியும்" என்று இங்கே பலர் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950இல் தொடங்கியபோது நாட்டில் அதற்குப் போட்டியே கிடையாது. 1952இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கியதும் இந்திய நேயர்களும் சிற்றலையில் கொழும்பைப் பிடித்தார்கள். அகில இந்திய வானொலியின் சினிமாப் பாட்டுச் சேவையான விவித்பாரதி வந்தது 1957இல்தான். அப்போது கொழும்பிலிருந்து கொடிகட்டிப் பறந்த ஹிந்தி நிகழ்ச்சி பினாக்கா கீத்மாலாவும் ஹிட் பாட்டுகளின் வரிசைதானே தவிர, கலவை இல்லை.

இன்று வெள்ளவத்தையில் கார் எடுப்பவர் கோட்டை போய்ச் சேருமுன் நாலு பாட்டுக் கேட்பார். அதில் இரண்டு அவருக்குப் பிடிபடாவிட்டால் கை அடுத்த அலைவரிசைக்குப் போய்விடும்.

கடற்கரைவீதி:
வரலாறு சரி, முடிவு பிழை. கலவை எண்டால் தெரியாத பாட்டெண்டு ஆர் சொன்னது? கனடாவில 2002இல தொடங்கின பொப் எஃப்.எம், ஜாக் எஃப்.எம் ரெண்டையும் பாருங்கோ. காலம் அகலம், ஆனால் ஒவ்வொரு பாட்டும் சனத்துக்கு நல்லாத் தெரிஞ்சது. அந்த வகை நிலையங்கள் ஆயிரம் பாட்டளவில வைச்சே நடத்தினவை. லொஸ் ஏஞ்சல்ஸில 2005இல வந்த ஜாக் பத்து வருசத்துக்கு மேல நிண்டது.

மத்தியஅலை:
அதே 2005 ஜூனில் நியூயோர்க் டபிள்யூ.சி.பி.எஸ். எஃப்.எம்மும் ஜாக் ஆனது. 2007 ஜூலையில் பழைய பாட்டுக்கே திரும்ப வேண்டி வந்தது. அதையும் சொல்லுங்கள்.

கடற்கரைவீதி:
சொல்லுறன். அது 1972 தொடக்கம் பழைய பாட்டுக்கெண்டே இருந்த நிலையம். ஒரே நாளில அறிவிப்பாளர்களையும் பாட்டையும் தூக்கினதால அந்த நேயர்கள் கோபத்தில போனவை. கலவை தோத்ததுக்கு அது சாட்சியில்லை.

இஞ்ச எப்பிடிச் செய்யலாம் எண்டு கணக்கைப் பாப்பம். ஒரு மணித்தியாலத்தில விளம்பரம் 12 நிமிசம், செய்தியும் பேச்சும் 8. மிச்சம் 40. எங்கட சினிமாப் பாட்டு நாலரை நிமிசம் எண்டு வைச்சால் 9 பாட்டு. புதுசு 2, 2000க்குப் பிந்தினது 3, இளையராஜா காலமும் ரகுமானின்ர 90களும் 3, 60–70கள் 1.

புதுசில 12 பாட்டு வைக்காதேங்கோ. மணிக்கு 2 வீதம் சரியா 6 மணித்தியாலத்தில சுத்தும். காலமை 8 மணி நேயருக்குத் தினமும் அதே ரெண்டு பாட்டுத்தான் விழும். 11 வைச்சால் அந்த நேரம் நாளுக்கு நாள் தள்ளிப்போகும். பழசும் அப்பிடித்தான்: மணிக்கு ஒண்டு எண்டால் 120 பாட்டு அஞ்சாம் நாள் அதே மணிக்கு வரும், 125 போட்டால் வராது. நடுவில ரெண்டு பிரிவிலயும் 350 வீதம். மொத்தம் 836. 60–70களின்ர எந்தப் பாட்டும் அஞ்சு நாளுக்குள்ள திரும்பாது. "கேட்டதையே போடுறாங்கள்" எண்ட முறைப்பாடு இதிலயே தீரும்.

நாலாம்_பட்டன்:
கணக்கில் குறையில்லை அண்ணா, ஆனால் ஷெடியூலரில் (பாட்டு வரிசை போடும் மென்பொருள்) ஒரே பாடகர் திரும்ப வரும் இடைவெளியை 60 நிமிடம் என்று கொடுத்தால் உங்கள் 80கள் பிரிவில் வெற்றிடம் விழும். எஸ்.பி.பி. குரல் இல்லாத பாட்டாகத் தேடித் தேடியே மென்பொருள் களைத்துவிடும். விட்டுவிட்டால் மூன்று எஸ்.பி.பி. அடுத்தடுத்து வரும். அவருக்கு மட்டும் 25 நிமிடம், மற்றவர்களுக்கு 60 என்று தனித்தனியாக வையுங்கள். இசையமைப்பாளர் இடைவெளியைத் தொடவே வேண்டாம், அந்தப் பிரிவில் அது வேலை செய்யாது.

கலவை தோற்பது பெரும்பாலும் காதில்தான், அதை ஒருவரும் பேசுவதில்லை. 60களின் மோனோப் பதிவில் டேப் இரைச்சல் இருக்கும். பல்லவி முடிந்து வாத்தியம் அடங்கும் இடத்தில் ஒலிச் செயலி (சத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் கருவி) அளவை இழுத்து உயர்த்த, "ஸ்ஸ்" என்று இரைச்சல் மேலே எழும். அடுத்து வரும் புதுப் பாட்டு ஏற்கெனவே உச்சம்வரை அழுத்தி மாஸ்டர் செய்தது; பேஸ் வந்து இடிக்கும். கேட்பவருக்குக் காரணம் தெரியாது, சத்தத்தைக் குறைப்பார், பிறகு நிலையத்தை மாற்றுவார்.

கோப்புகளை உச்ச அளவைப் பார்த்துச் சமன்படுத்தாமல் கேட்கும் உரப்பைப் பார்த்துச் சமன்படுத்த வேண்டும். ஒலி ஒரு அளவுக்குக் கீழே போனால் செயலி உயர்த்தாமல் அப்படியே நிற்கும்படி கேட் போட வேண்டும். 60களுக்கும் இன்றைக்கும் நடுவே 4 செக்கன் ஜிங்கிள் (நிலையத்தின் குட்டி இசை). யூடியூப்பில் இறக்கிய கோப்பு வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே தரவைச் சுருக்கிய கோப்பு செயலிக்குள் போனால் தகரம் தட்டுவது போல வரும்.

மத்தியஅலை:
ஒலியைச் சரிசெய்யலாம். விளம்பர முகவரை என்ன செய்வீர்கள்? அவர் வாங்குவது 18–35. கலவை நிலையத்தின் நேயரில் ஒரு பகுதி அந்த வயதுக்கு வெளியே என்றால் அந்தப் பகுதிக்கு அவர் காசு தரமாட்டார்.

கடற்கரைவீதி:
அந்தக் கதை ஆங்கில எஃப்.எம்முக்குப் பொருந்தும். தமிழில இருக்கிறதே விரல்விட்டு எண்ணக்கூடிய நிலையங்கள். வயசுக்கொண்டு, ரசனைக்கொண்டு எண்டு பிரிக்கிற அளவுக்குச் சந்தை இல்லை. அதோட மெயின் வீதிப் புடவைக் கடைக்குள்ள போய்ப் பாருங்கோ: முதலாளிக்கு அறுபது, கல்லாவில நிக்கிறவருக்கு நாப்பது, துணி மடிக்கிற பிள்ளைக்கு இருபது. ரேடியோ ஒண்டு. காலமை ஒன்பதரைக்குப் போட்டால் பூட்டுமட்டும் ஓடும். அந்த மூண்டு பேரையும் விரட்டாத நிலையத்துக்குத்தான் கேக்கிற நேரம் கூடும். சவர்க்காரம், தேயிலை, தங்கநகை விக்கிறவருக்கு அந்தக் கடை முழுக்க வேணும்.

மத்தியஅலை:
கடைக்கு ஒத்துக்கொள்கிறேன். காலை 6 முதல் 9 வரை காருக்கும் பஸ்ஸுக்கும் ஒத்துக்கொள்ளமாட்டேன். அந்த மூன்று மணித்தியாலமும் 60–70களை முழுதாக எடுத்துவிட்டு அந்த இடத்தில் 90களைப் போடுங்கள்.

நாலாம்_பட்டன்:
எடுக்கத் தேவையில்லை, இடத்தை மாற்றினால் போதும். விளம்பரத்துக்குப் பிறகு வரும் முதல் பாட்டாகப் பழசை ஒருநாளும் வைக்கக்கூடாது, மாற்றுபவர்கள் மாற்றுவது அங்கேதான். இரண்டு பெரிய ஹிட்டுகளுக்கு நடுவே வையுங்கள். பழைய பிரிவு 125ஐயும் யாருடைய ரசனையையும் நம்பித் தெரிவு செய்ய வேண்டாம். 300 பாட்டின் பல்லவியை 8 செக்கன் வீதம் வெட்டி, 25 வயதுக்காரரையும் 45 வயதுக்காரரையும் தனித்தனியாக இருத்திப் போட்டுக் காட்டுங்கள். 45க்காரர் விரும்பி, 25க்காரர் "வீட்டில் கேட்டிருக்கிறேன்" என்று சொல்லும் பாட்டு மட்டும் உள்ளே வரட்டும்.