கண் ஒரு வழி, ஃபிலிம் ஒரு வழி: மீடியம் ஃபார்மட் ரேஞ்ச்ஃபைண்டர் அனுபவப் பகிர்வு

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில், அதாவது இரண்டு ஜன்னல்களின் உருவங்களை ஒன்றாக்கி ஃபோகஸ் வைக்கும் கேமராவில், நாம் பார்ப்பது ஒரு ஜன்னல் வழியாக, ஃபிலிம் பார்ப்பது லென்ஸ் வழியாக. லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்திருந்தாலும் வியூஃபைண்டரில் காட்சி பளிச்சென்றுதான் இருக்கும். ஃபோகஸ் கணக்கு தப்பியிருந்தாலும், துருத்தியில் (லென்ஸையும் உடம்பையும் இணைக்கும் மடிப்புக் கூடு) ஊசித்துளை விழுந்திருந்தாலும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. 35 மிமீ-இல் 36 படத்தில் ஒன்றிரண்டு போனால் போகட்டும் என்று விடலாம். இங்கே, மீடியம் ஃபார்மட்டின் 120 ரோலில், 6×4.5 செமீ படத்துக்கு 15 அல்லது 16, 6×6-க்கு 12, 6×7-க்கு 10, 6×9-க்கு வெறும் 8. அதனால் "எது நல்ல கேமரா" என்று கேட்கிறவர்களிடம், எந்தக் கேமரா எந்த இடத்தில் கண்ணை ஏமாற்றும் என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆளுக்கு ஒரு கேமராவை எடுத்துக்கொண்டு எழுதினால் வாங்கப் போகிறவர்களுக்கு உதவும்.

* * *

ஃபியூஜியிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1978-இல் வந்த ஜிடபிள்யூ690, பிறகு அதன் இரண்டாம், மூன்றாம் பதிப்புகள்: எல்லாவற்றிலும் கழற்ற முடியாத 90 மிமீ எஃப்/3.5 லென்ஸ். அகலக் கோணம் வேண்டுமென்றால் ஜிஎஸ்டபிள்யூ690, அதில் 65 மிமீ எஃப்/5.6. பேட்டரி கிடையாது, ஒளி அளக்கும் மீட்டர் கிடையாது. ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே, 1 நொடி முதல் 1/500 வரை. லீவரை இரண்டு முறை இழுத்தால்தான் அடுத்த படம் வரும். ஒரு இழுப்போடு நிறுத்திவிட்டு "பட்டன் இறங்கவில்லை, பழுது" என்று விற்பனைக்குப் போட்ட கேமராக்கள்கூட உண்டு. பட்டனைச் சுற்றியுள்ள பூட்டு வளையத்தையும் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

வாங்கும்போது கேமராவைக் கவிழ்த்து அடிப்பக்கம் பாருங்கள். சின்ன கவுண்டர் ஒன்று இருக்கும். அதில் உள்ள எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஷட்டர் எத்தனை தடவை ஓடியிருக்கிறது என்று தெரியும். 050 என்றால் ஏறக்குறைய 500 படம், அதாவது அறுபது ரோலுக்கு மேல். 999-க்குப் பிறகு சுழியத்துக்குத் திரும்பிவிடும் என்பதால், எண் சின்னதாக இருந்து உடம்பு தேய்ந்து பளபளத்தால் சந்தேகப்படலாம்.

இந்தக் கேமராவில் பலரைத் தடுமாற வைப்பது வேக வளையத்தில் உள்ள 'டி'. விரலை எடுக்கும் வரை மட்டும் ஷட்டர் திறந்திருக்கும் 'பி' கிடையாது. டி-யில் வைத்துப் பட்டனை அழுத்தினால் ஷட்டர் திறந்தே நிற்கும். மூட வேண்டுமானால் வேக வளையத்தைத் திருப்ப வேண்டும், இல்லையென்றால் ஃபிலிம் லீவரை இழுக்க வேண்டும். எதைத் தொட்டாலும் கேமரா ஆடும். முதலில் கறுப்பு அட்டையால் லென்ஸை மறைத்துவிட்டு, பிறகு வளையத்தைத் திருப்புங்கள். திறக்கும்போதும் அதே அட்டைதான்: மறைத்துத் திற, ஆட்டம் அடங்கட்டும், அட்டையை எடு. நீண்ட எக்ஸ்போஷரில் ஃபிலிமின் சோம்பலையும் (நேரம் நீள நீள ஒளிக்கு மந்தமாவதை) சேர்த்துக் கணக்கிட வேண்டும். இல்ஃபோர்டு நிறுவனம் தன் எச்பி5 பிளஸ் ஃபிலிமுக்குத் தரும் அடுக்கு 1.31, மீட்டர் சொல்லும் நொடியை அந்த அடுக்குக்கு உயர்த்த வேண்டும். மீட்டர் 10 நொடி சொன்னால் ஏறக்குறைய 20 நொடி கொடுங்கள்.

மூன்றாம் பதிப்பின் இழுப்பு ஹூட், சும்மா சொல்லக் கூடாது, எரிச்சல்தான். உள்ளே தள்ளி வைத்திருந்தால் அபெர்ச்சர், ஷட்டர் வளையங்களில் விரல் சரியாகப் பதியாது. ஹூட்டை முன்னே இழுத்துவிட்டே வேலை செய்யுங்கள்.

* * *

மமியா 7 (1995), 7 இரண்டு (1999) பற்றி. 6×7, லென்ஸ் மாற்றலாம். அதற்கு முன் 1989-இல் வந்த மமியா 6, 6×6. அதன் லென்ஸ் மவுண்ட் உள்ளே அமிழும் என்பதால் பையில் தட்டையாகக் கிடக்கும். அதற்கு 50, 75, 150 என்று மூன்றே லென்ஸ்.

7-க்கு 43, 50, 65, 80, 150, 210. வியூஃபைண்டருக்குள் எல்லைக்கோடு வருவது 65, 80, 150-க்கு மட்டும். 43-க்கும் 50-க்கும் மேலே தனி ஃபைண்டர் செருக வேண்டும்: ஃபோகஸ் ஒரு கண்ணாடியில், சட்டகம் இன்னொரு கண்ணாடியில். 210 மிமீ எஃப்/8 ரேஞ்ச்ஃபைண்டரோடு இணைக்கப்படவே இல்லை. தூரத்தை அளந்தோ மதிப்பிட்டோ வளையத்தில் வைக்க வேண்டும். மலைத்தொடர் எடுக்கிறவருக்குச் சரி, முகம் எடுக்கிறவருக்கு வேண்டாம். 150 இணைந்ததுதான், ஆனாலும் அதன் சட்டகம் ஃபைண்டர் நடுவில் தபால்தலை அளவுக்குச் சிறுத்துவிடும். 2 மீட்டரில் எஃப்/4.5 வைத்தால் கூர்மை நிற்கும் ஆழம் 8 செமீ அளவுதான். எஃப்/8-ஐவிட அகலமாகத் திறக்காமல் இருப்பது நல்லது. என்னைக் கேட்டால் இந்தக் கேமராவின் உயிர் 43, 65, 80-இல் இருக்கிறது. எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் ஆடிப் பெட்டி இங்கே இல்லாததால் 43-இன் பின்பக்கக் கண்ணாடி ஃபிலிமை ஒட்டி உட்கார முடிகிறது. கோடுகள் வளையாமல் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

லென்ஸ் மாற்ற அடியில் உள்ள விசையைத் திருப்பி உள்திரையை மூட வேண்டும். ஷட்டர் ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் இருக்கிறது, லென்ஸைக் கழற்றினால் ஃபிலிமை மறைக்க வேறு எதுவும் இல்லை. மாற்றி முடித்ததும் திரையைத் திறக்க மறந்தால் ஷட்டர் ஓடாது. கேமரா பாதுகாப்பாகத்தான் இருக்கும், அவசரத்தில் மட்டும் பேட்டரி போய்விட்டதாகத் தோன்றும். உண்மையிலேயே பேட்டரி போனாலும் இதே அறிகுறிதான். மின்னணு ஷட்டர், 6 வோல்ட் 4எல்ஆர்44 இல்லாமல் ஒரு வேகமும் வேலை செய்யாது. உபரியாக ஒன்றைக் கைவசம் வைத்திருங்கள்.

மீட்டரும் ஃபைண்டர் பக்கம்தான். லென்ஸ் மாற்றினால் மீட்டர் பார்க்கும் பரப்பு மாறாது. 43 போட்டு எடுக்கும்போது அது படத்தின் நடுப்பகுதியை மட்டும் அளக்கும். வானம் அதில் விழுந்தால் தரை கறுத்துவிடும். தரையைப் பார்த்து அளந்து, பூட்டி, பிறகு சட்டகம் அமையுங்கள்.

* * *

மேலே மீட்டர் பற்றி வந்ததால் ஃபில்டரையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லென்ஸ் வழி அளக்காத மீட்டருக்கு ஃபில்டர் இருப்பதே தெரியாது. மஞ்சளுக்கு 1 ஸ்டாப் (அதாவது இரு மடங்கு ஒளி), ஆரஞ்சுக்கு 2, சிவப்புக்கு 3 என்று நாமே தர வேண்டும். ஐஎஸ்ஓ வளையத்தைக் குறைத்து வைப்பது எளிது: 400 ஃபிலிமுக்கு ஆரஞ்சு போட்டால் 100. ஃபில்டரைக் கழற்றும்போது வளையத்தைத் திரும்பவும் 400-க்கு வையுங்கள். ஆரஞ்சைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு 100-இலேயே மிச்ச ரோலை எடுத்துத் தள்ளுவதுதான் வழக்கமான விபத்து. நெகட்டிவ் தாங்கும், ஸ்லைடு தாங்காது.

போலரைசருக்கு: ஃபில்டரைக் கையில் பிடித்துக் கண்ணுக்கு முன் சுழற்றி, வானம் நன்றாகக் கறுக்கும் இடத்தில் நிறுத்துங்கள். விளிம்பில் உள்ள குறி கடிகார முள்போல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள், இரண்டு மணியில் என்று வைத்துக்கொள்வோம். லென்ஸில் மாட்டிய பிறகும் குறி இரண்டு மணியிலேயே நிற்க வேண்டும். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால் குறியையும் திரும்பச் சரிசெய்யுங்கள்.

லென்ஸ் மூடி விஷயத்துக்கு வழி ஒன்றுதான்: வெளியே இருக்கும்போது மூடியே போடாதீர்கள். யுவி ஃபில்டர் போட்டு, மேலே ஹூட் மாட்டிவிடுங்கள்.

* * *

ரேஞ்ச்ஃபைண்டரின் துல்லியம் பற்றி யாரும் தொடவில்லை. இரண்டு ஜன்னல்களுக்கு இடையே உள்ள தூரத்தை ஃபைண்டரின் உருப்பெருக்கத்தால் பெருக்குங்கள், வருவதுதான் பயனுறு அடித்தளம், அது நீள நீளத் துல்லியம் கூடும். இடைவெளி 60 மிமீ, உருப்பெருக்கம் 0.6 என்றால் 36 மிமீ. 35 மிமீ கேமராவான லைக்கா எம்6-இன் 0.72 ஃபைண்டருக்கு இது ஏறக்குறைய 50. மீடியம் ஃபார்மட்டில் லென்ஸ் நீளம், ஆழம் குறைவு, அடித்தளமோ பல கேமராக்களில் அதைவிடச் சின்னது. 80 மிமீ லென்ஸில் எஃப்/4, 1 மீட்டர் தூரம் என்றால் கைக்குக் கிடைப்பது மொத்தம் 6 செமீ அளவு. கண்ணில் ஃபோகஸ் வைத்து, தலையைச் சற்று முன்னே சாய்த்தால் போயிற்று.

வாங்கியதும் ஃபிலிம் போடும் முன் இதைச் செய்யுங்கள். பின்கதவைத் திறங்கள். ஃபிலிம் வாயின் மேலும் கீழும் ஜோடியாகத் தண்டவாளங்கள் இருக்கும். ஃபிலிம் ஓடுவது உள்ஜோடியின் மேல், ஃபிலிமைத் தட்டையாக அழுத்தும் கதவுத் தகடான பிரெஷர் பிளேட் உட்காருவது வெளிஜோடியின் மேல். உள்ஜோடியின் மேல் பொருந்தும் அளவுக்கு வெட்டிய தேய்த்த கண்ணாடித் துண்டை வையுங்கள், சொரசொரப்பான பக்கம் லென்ஸைப் பார்க்கட்டும். வெளிஜோடியில் உட்கார்ந்தால் அளவே தப்பு. ஒளிபுகும் ஒட்டுநாடாவை இழுத்து ஒட்டியும் பார்க்கலாம், நடுவில் தொய்வதால் நம்ப முடியாது. கேமராவை முக்காலியில் வைத்து, ஷட்டரை டி-யிலோ பி-யிலோ திறந்து, அபெர்ச்சரை முழுதும் திறங்கள். 1 மீட்டரில் அச்செழுத்துள்ள தாள் ஒன்றை நிறுத்தி, 8 மடங்கு லூப்பால் (உருப்பெருக்கி) கண்ணாடியைப் பார்த்துக் கூர்மை வைத்துவிட்டு, வளையத்தைத் தொடாமல் ஃபைண்டரைப் பாருங்கள். மஞ்சள் கட்டத்தில் இரட்டை உருவம் ஒன்றாகியிருக்க வேண்டும். இதையே 3 மீட்டரில், பிறகு வெகுதூரக் கோபுரம் ஒன்றில்.

மூன்றிலும் ஒரே பக்கமாகத் தப்பினால் ரேஞ்ச்ஃபைண்டரின் முடிவிலிக் குறியை (வெகுதூரத்துக்கான அமைப்பை) நகர்த்தினால் தீரும். தொலைவில் சரி, அருகில் தப்பு என்றால் லென்ஸையும் ரேஞ்ச்ஃபைண்டரையும் இணைக்கும் உள்கையின் விகிதம் கெட்டிருக்கிறது. திருகாணியைக் கையில் எடுக்காமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். உருவம் மேல்-கீழாக விலகியிருந்தால் ஃபோகஸ் கெடாது, ஆனால் கண் களைத்துத் தப்பாகப் படிக்கும். கேமரா கீழே விழுந்ததற்கு அது பெரும்பாலும் சாட்சி.

* * *

ஷட்டர் வேகத்துக்கு எளிய சோதனை: போனில் நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷனில், பின்கதவைத் திறந்து வைத்துப் படம் பிடியுங்கள். திறந்திருக்கும் படங்களை எண்ணுங்கள். 1/15-க்கு 16, 1/30-க்கு 8, 1/60-க்கு 4. அதற்கு மேல் இந்த முறை எண்ணித் தராது. மெதுவான வேகங்கள் இழுத்துக்கொண்டு போனால் எண்ணெய் உறைந்திருக்கிறது, சுத்தம் செய்தால் சரியாகும்.

* * *

லோடிங்கைப் பற்றிப் பேசாவிட்டால் இந்த இழை முழுமையாகாது, காரணம் "ஒளி கசிகிறது" என்று வரும் புகார்களில் பாதி கேமராவின் குற்றம் இல்லை.

நிழலில் நின்று செய்யுங்கள். ரோலைச் சுற்றியுள்ள காகிதப் பட்டியை முழுதாக உரித்து எடுங்கள், துண்டு உள்ளே விழுந்தால் தண்டவாளத்தில் சிக்கிப் படத்தில் கறுப்பாக வரும். காகித முனையை ஸ்பூலின் பிளவில் நடுவாகச் செருகுங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் ரோல் கூம்பாகச் சுற்றும், ஓரத்தில் வெளிச்சம் நுழையும். இனி முக்கியமானது: லீவரை மெல்ல இழுக்கும்போது இடது கட்டைவிரலால் புது ரோலை லேசாக அழுத்திப் பிடியுங்கள். காகிதம் விறைப்பாகச் சுற்ற வேண்டும். அம்புக்குறி தொடக்கக் குறிக்கு நேராக வந்ததும் நிறுத்தி, பிரெஷர் பிளேட்டில் 120 என்று இருக்கிறதா என்று பார்த்துக் கதவை மூடுங்கள். இரட்டை நீளமுள்ள 220 ரோலுக்குப் பின்காகிதம் இல்லை, பிளேட் இடைவெளி வேறு. பிளேட் 220-இல் இருக்கும்போது 120 போட்டால் இறுக்கிப் பிடிக்கும், கவுண்டரும் தப்பாக எண்ணும்.

நெகட்டிவைப் பார்த்தே குற்றவாளியைப் பிடிக்கலாம். இரு ஓரங்களில் மட்டும் மங்கல், படத்துக்குள் வரவில்லை: ரோல் தளர்வாகச் சுற்றியிருக்கிறது, அல்லது எடுத்த பிறகு வெயிலில் வைத்தீர்கள். ஒரு ஓரத்திலிருந்து படத்துக்குள் பாயும் கீற்று, ஒவ்வொரு படத்திலும் ஒரே இடம்: கதவின் ஃபோம் சீல் மக்கிவிட்டது. வடிவமில்லாத மங்கல் திட்டு, கேமரா வெகுநேரம் விரித்தபடி இருந்த படத்தில் அதிகம்: துருத்தி. நீளவாக்கில் ரயில் பாதை மாதிரி கீறல்: உருளையில் மணல்.

* * *

துருத்தி என்றதும் ஃபியூஜி ஜிஎஸ்645-தான் நினைவுக்கு வருகிறது. 1983-இல் வந்த மடிப்புக் கேமரா, 75 மிமீ எஃப்/3.4, பாக்கெட்டில் போகும் 6×4.5. மூலத் துருத்தி மடிப்பு மூலைகளில் ஓட்டை விடுவது இதன் பிறவிக்குணம். விற்பவர் "லென்ஸ் சுத்தம்" என்பார், துருத்தியைப் பற்றி வாயே திறக்க மாட்டார். இருட்டறையில் சின்ன எல்இடி விளக்கை உள்ளே விட்டு, ஒவ்வொரு மூலையாக நகர்த்தி வெளியிலிருந்து பாருங்கள், நட்சத்திரம்போல் மின்னும். கறுப்புத் துணிச்சாயத்தை மெல்லியதாகத் தடவினால் கொஞ்ச காலம் ஓடும். கெட்டியாகத் தடவினால் மடியும்போது வெடிக்கும், பக்கத்து மடிப்பும் ஒட்டும். நிரந்தரத் தீர்வு புதுத் துருத்திதான், அந்தச் செலவையும் விலையில் சேர்த்துப் பேரம் பேசுங்கள். ஓட்டை பயம் வேண்டாமென்றால் அதே வரிசையில் ஜிஎஸ்645எஸ், துருத்தியே இல்லாத 60 மிமீ எஃப்/4. இந்த வரிசையில் கேமராவை நேராகப் பிடித்தால் படம் செங்குத்தாக விழும் என்பதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். இயற்கைக் காட்சிக்காரர் எந்நேரமும் கேமராவைத் திருப்பிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

இன்னும் பழைய மடிப்புக் கேமராக்களில், எடுத்துக்காட்டாகச் சோவியத் 6×6 கேமராவான இஸ்க்ராவில், தானியங்கிச் சுற்று அக்காலத் தடித்த ஃபிலிமுக்காகக் கணக்கிட்டது. இன்றைய மெல்லிய ஃபிலிமில் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறலாம். காலி ஸ்பூலின் தண்டில் காகித நாடாவை இரண்டு மூன்று சுற்று ஒட்டித் தடிப்பாக்கினால் ஒவ்வொரு திருப்புக்கும் சற்று அதிக நீளம் நகர்ந்து இடைவெளி வரும். எத்தனை சுற்று என்பதைக் கண்டுபிடிக்க வீணான ரோல் ஒன்றைப் போட்டு, கதவைத் திறந்து வைத்து, ஒவ்வொரு படத்துக்கும் ஃபிலிம் வாயின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுச் சுற்றிப் பாருங்கள். நாடா அதிகமாகிவிட்டால் 12-ஆவது படம் ஃபிலிமின் நுனியில் பாதியோடு நின்றுவிடும்.